‘நிறுத்திக்கோ’ என்று அவர் சொல்லவில்லை

1

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கோயில் கோயிலாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு மெல்லிசைக் குழுவின் பாங்கோஸ்காரர் புத்தகம் எழுதுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடு ஒன்றில் ஞாயிறுதோறும் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போடுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இங்கே போன மாதம் நடந்த அதன் வெளியீட்டு விழாவைப் பற்றி ஊரில் ஏதேதோ பேசிக்கொள்கிறார்களாம். என் தங்கை எழுதியிருந்தாள். நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. சொல்வது சரியா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தின் பெயர் ‘பின்வரிசை’. எழுதியவர் செவ்வானம் மெல்லிசைக் குழுவின் மணியண்ணன். மேடையில் பாடகர்களுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் பாதி முகத்தில் மட்டும் விழும் இடத்தில் உட்கார்ந்து பாங்கோஸ் என்ற இரட்டை மேளத்தை அத்தனை வருடம் வாசித்தவர். அதனால்தான் அந்தத் தலைப்பு.

சண்டை போட்ட நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருத்தி, ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், காஞ்சிபுரத்தில் கல்லூரி முடித்தவள், இப்போது நாலு வயதில் ஒரு மகனும் ஒன்பது மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். இரண்டாவது என் கணவர். அவர் பெரும்பாலும் காப்பி போடுவதோடு சரி. மூன்றாவது சரோஜா அக்கா, எங்கள் மாடிக்கு மேல்மாடி, ஒரகடத்துக்காரர். நாலாவது குணசேகரன் அண்ணன். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர். இங்கே கப்பல் பட்டறைக்கு வருவதற்கு முன்பு மறைமலை நகரில் சில வருடம் வேலை பார்த்தவர். அப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு செவ்வானம் குழு எங்கே போனாலும் பின்னாலேயே போனவர். எந்த ஊர்க் கச்சேரியில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு வந்தது என்று கேட்டால், மூச்சு விடாமல் சொல்வார்.

“வல்லக்கோட்டையில சாமி பாட்டு முடிஞ்சதும் நேரா மழைப் பாட்டுக்குப் போயிட்டாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல,” என்பார்.

“யோவ், நடுவுல படகுப் பாட்டு பாடினாங்கய்யா. நான் மொத வரிசைல குந்திகினு கேட்டேன்,” என்பார் சரோஜா அக்கா.

“அது போன வருசம்க்கா.”

“இன்னா போன வருசம்? எனக்குக் கல்யாணம் ஆன வருசம் எனக்குத் தெரியாதா?”

இப்படித்தான் போகும். வாரம் முழுவதும் பேருந்து, மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, மகனின் பாலர் பள்ளி, துணி காயப்போடும் மூங்கில் கழிகள் என்று ஓடுகிற எனக்கு இந்த இரண்டு மணி நேரம் பெரிய ஆறுதல். இங்கே தமிழர்களுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் எதிர்ப்படுகிற பாட்டியம்மா “பசியாறியாச்சா?” என்று கேட்டால், “இன்னும் இல்லைங்க, எனக்குப் பசி ஆறவே இல்லை” என்று முதல் வருடம் பதில் சொல்லிப் பயமுறுத்தியவள் நான். சாப்பிட்டாயா என்றுதான் அவர் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு சொல்லை அப்படியே கேட்டு அப்படியே எடுத்துக்கொள்ள முடிகிற இடம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடம்தான்.

2

சண்டை முற்றியது இருங்காட்டுக்கோட்டைக் கச்சேரி விஷயத்தில்.

அங்கே ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று மாலை நடந்த கச்சேரி அது. எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வயலில் நெல் அறுத்த தாளின் மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அன்று குழுவின் பாடகி வசந்தா ரயில் பாட்டுப் பாடினார். ரயிலைப் பார்த்து மெதுவாகப் போ என்று ஒரு பெண் கெஞ்சும் பாட்டு. ரயில் ஓடும் சத்தத்தை மணியண்ணன் பாங்கோசிலேயே கொண்டுவருவார். வழக்கமாகச் சின்னதாக வரும் அந்த இடையிசை அன்று நிற்கவே இல்லை. புறப்பட்டது, வேகமெடுத்தது, பாலத்தில் ஏறியது, ஏதோ ஸ்டேஷனில் நின்று மூச்சு விட்டது, மறுபடி புறப்பட்டது. ஜனம் விசில் அடித்து ஓய்ந்துபோனது. “அந்த ரயில் செங்கல்பட்டத் தாண்டிப் போயிருக்கும்” என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

அந்தக் கச்சேரியைப் பற்றிப் புத்தகத்தில் மணியண்ணன் எழுதியிருந்தது ஒரே ஒரு பத்தி.

“பல்லவி முடிந்ததும் வசந்தா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்து, ‘நிறுத்திக்கோ’ என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். நாங்கள் விடாமல் வாசித்தோம். அப்படி ஒரு வாசிப்பு எங்களுக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வசந்தா வேறு சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்து கடைசிச் சரணத்தைப் பாடினார்.”

இதைப் படித்ததிலிருந்து குணசேகரன் அண்ணனுக்கு வசந்தாவின் பெயரைக் கேட்டாலே ஆகவில்லை.

“பாருங்க தங்கச்சி. நடுப்பாட்டுல நிறுத்திக்கோன்னு அதிகாரம் பண்ணிட்டு எறங்கிப் போயிருக்காங்க. அந்தப் பின்வரிசைக்காரங்க மானத்தக் காப்பாத்தணும்னு வாசிச்சிருக்காங்க. இந்தம்மா சாவகாசமா வேற சேலை மாத்திக்கிட்டு வருதாங்க, சினிமாக்காரி மாதிரி. கைதட்டு மட்டும் அவங்களுக்கு!”

அந்த இரண்டாவது சேலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. கரும்பச்சை, சின்னக் கரை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பெண்கள் பேசியது முழுக்க அந்தச் சேலையைப் பற்றித்தான். ஒரே பாட்டுக்கு இரண்டு சேலை! அது எங்களுக்குப் பெரிய நாகரிகமாகத் தெரிந்தது.

3

இது வெறும் அரட்டையாகவே போயிருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

புத்தகத்தை இங்கே வெளியிட்டு, கூடவே ஒரு கச்சேரியும் வைப்பது என்று முடிவாகியிருந்தது. ஊரிலிருந்து மணியண்ணன், வசந்தா, ஒரு பாடகர், ஒரு கீபோர்டுக்காரர் என்று நாலு பேர் வருவதாக ஏற்பாடு. வசந்தா மேடையேறிப் பல வருடமாகிறது. வீட்டில் சம்மதிக்க வைத்து, மறுபடி பாடிப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இங்கே மேடைக் கச்சேரிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். எந்தெந்தப் பாட்டு, எந்த வரிசை, ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. நம் ஊரில் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்த பாட்டை முடிவு செய்கிறவர்களுக்கு இது புரியவே புரியாது. விழாவுக்குப் பொறுப்பு குணசேகரன் அண்ணன். தட்டச்சுப் பொறுப்பு எனக்கு.

அவர் கொண்டுவந்து கொடுத்த வரிசையில் வசந்தாவுக்குத் தனிப்பாட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்தில் ‘குழுவினருடன்’ என்று இருந்தது. ரயில் பாட்டை வெறும் வாத்திய இசையாகப் போட்டிருந்தார்.

“அண்ணே, அவங்க அவ்வளவு தூரம் வர்றாங்களே?”

“வரட்டும். கோரஸ் பாடட்டும். புத்தகம் பின்வரிசையப் பத்தினது. மேடையும் பின்வரிசைக்குத்தான்.”

பல வருடம் கழித்து, கடல் தாண்டி, பாடுவதற்கென்றே வரும் ஒரு பெண், இங்கே வந்து இறங்கிய பிறகு தனக்குப் பாட்டில்லை என்று தெரிந்துகொள்வார். மாற்றவும் முடியாது. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுத்த வேலையைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பாட்டுகளுக்குப் பொருள் எழுதத் தொடங்கியும் விட்டேன். ‘ஒரு பெண் ரயிலை மெதுவாகப் போகச் சொல்கிறாள்’ என்று எழுதியதை என் மகன் எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டான். சொன்னேன்.

“எதுக்கு மெதுவா போகச் சொல்றாங்க? லேட் ஆயிடுமே!” என்றான்.

அவன் அப்படித்தான் வளர்கிறான். அதற்கு வருத்தப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

4

புதன்கிழமை மதியம் சரோஜா அக்கா இறங்கி வந்தார். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மடியில் குழந்தை, ஒரு கையில் புத்தகம். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை, நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

“இன்னாடி இது? வசந்தாவா இப்டி சொல்லிச்சு? நிறுத்திக்கோவா? வாத்தியார் மாதிரி! நம்ம பக்கத்துல ஒண்ணு நிர்த்துன்னு சொல்லுவாங்க, இல்ல போதும்ப்பான்னு சொல்லுவாங்க. அதென்னா நிறுத்திக்கோ?”

“எழுதும்போது அழகா எழுதியிருப்பார்க்கா.”

“மணியா? அது எழ்தினா பேசற மாதிரியே எழ்தும். சரி, நிர்த்தச் சொன்னா ஏன் நிர்த்தல? பாடறவங்க கையக் காட்டினா மேளம் நிக்கணும். இவங்க பாட்டுக்கு இஸ்துகினே போயிருக்காங்க, இஸ்துகினே...”

நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இழுத்து என்பதை நாங்கள் இஸ்து என்போம். செவ்வானம் குழுவில் அது ஒரு கட்டளைச் சொல். விழாத் தலைவர் வர நேரமாகிறது, பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது, மைக் அறுந்துவிட்டது, எதுவானாலும் முன்னால் நிற்பவர் திரும்பி ‘இஸ்துக்கோ’ என்பார். இடையிசையை நீட்டு, நான் வருகிறேன் என்று பொருள். மணி அடிக்கும்வரை பாடத்தை ஓட்டும் வாத்தியாரைக்கூட நாங்கள் “இஸ்துக்கறாருடி” என்று கிண்டல் செய்வோம்.

இந்தச் சொல்லைத் தெரியாத யாரோ ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்தியிருக்க வேண்டும். பாடகி இறங்கிப் போகிறார், வாயில் ‘இஸ்துக்கோ’ என்று ஏதோ புரியாத சொல். எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ‘நிறுத்திக்கோ’ என்று ஆக்கிவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தார். எனக்கு மட்டும் இன்னொன்று உறுத்தியது. நீட்டச் சொன்னார், சரி. ஏன் இறங்கிப் போனார்?

அந்த நேரம் பார்த்து மகள் பாலை விட்டுவிட்டு அழத் தொடங்கினாள். பக்கம் மாற்றினேன். மாற்றுவதற்குள் அந்தப் பக்கத்து ரவிக்கை நனைந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

இழுத்து மூடிக்கொண்ட கை அப்படியே நின்றது.

மணியண்ணன் எழுதிய மூன்று வரியும் வேறு மாதிரி தெரிந்தன. தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு. இறங்கிப் போனார். வேறு சேலையில் திரும்பி வந்தார். அது கோபமும் இல்லை, நாகரிகமும் இல்லை.

அன்று முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டேன். பால் கொடுக்கும் என் கண்ணுக்கு எல்லாமே பாலாகத் தெரிகிறதோ? வசந்தாவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. தெரியாததை ஆண்கள் இருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது? வேலைவிட்டு வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார்.

“டைப் அடிக்கிறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப உனக்கு என்ன பயம்?”

5

ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை தாளைக் கொடுத்தாக வேண்டும்.

‘இஸ்துக்கோ’வை முதலில் சொன்னேன். குணசேகரன் அண்ணன் தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை மாதிரி இருக்கு தங்கச்சி. நீட்டச் சொல்லிட்டு எங்க போனாங்களாம்? சேலை மாத்தவா?”

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். என் குரல் எனக்கே கேட்டது.

“கைக்கொழந்த அழற சத்தம் கேட்டா, பால் தானா சுரந்துடும்ணே. பிளவுஸ், பொடவ எல்லாம் நனஞ்சிடும். இது வீடா மேடையான்னு அதுக்குத் தெரியாது. தலைப்ப இழுத்து மூடிக்கிட்டுப் போனாங்கன்னு எழுதியிருக்கார். வேற பொடவையில வந்தாங்கன்னு எழுதியிருக்கார். உங்களுக்கு அது திமிராத் தெரியுது. எனக்கு அப்படித் தெரியல.”

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

“இன்னா முழிக்கிற?” என்றார் சரோஜா அக்கா அவரிடம். “நீ இன்னா சோடா குட்ச்சா வளந்த?”

அண்ணன் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. “சரிக்கா. ஆனா இது ஊகம்தான?”

“ஊகம்தான்,” என்றேன். “நீங்க சொல்றதும் ஊகம்தான்ணே. என் ஊகம் தப்பாப் போனா அவங்களுக்கு ரெண்டு பாட்டு கூடுதலாக் கெடைக்கும், அவ்வளவுதான். உங்க ஊகம் தப்பாப் போனா, அவங்க இங்க வந்து கோரஸ் பாடிட்டுப் போவாங்க. இந்த வரிசைய நான் டைப் அடிக்க மாட்டேன்.”

இப்படிப் பேசினேன் என்பதை என் தங்கை நம்ப மாட்டாள்.

அண்ணன் எழுந்து போய்த் தன் வீட்டுத் தொலைபேசியில் ஊருக்கு அழைப்புப் பதிவு செய்தார். நாங்களும் கூடப் போனோம். மணியண்ணன் வீட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குத்தான் பேச வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அண்ணன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ! குணாவா? இன்னாப்பா, டிக்கெட் கிக்கெட் எதுனா கேன்சலா?”

“இல்லண்ணே. இருங்காட்டுக்கோட்டையில வசந்தாக்கா நிறுத்திக்கோன்னா சொன்னாங்க?”

“யார்ரா சொன்னது?”

“உங்க புத்தகத்துலதான்ணே இருக்கு!”

“எம் புக்குலயா? நான் இஸ்துக்கோன்னுதான்பா எழ்திக் குட்த்தேன். மாத்திப் போட்டுகிறானா? எனக்குத் தெரியாதுப்பா. நான் படிக்கல.”

“உங்க புத்தகத்த நீங்களே படிக்கலையா?”

“நான் எழ்தனத நானே இன்னாத்துக்குப் படிக்கணும்?”

சரோஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“அவங்க ஏன்ணே எறங்கிப் போனாங்க?”

“கொழந்த அழ்துச்சுப்பா. வேன்ல எங்க வூட்டுக்காரம்மாகிட்ட வுட்டுட்டு வந்து பாடிகினு இருந்துச்சு. பச்சக் கொழந்த. அது கத்தின கத்து பாங்கோச மீறிக் கேட்டுது. வசந்தா பொடவ நனஞ்சி, பாவம், எங்க வூட்டுக்காரம்மா கட்டியிருந்தத மாத்திக் குட்த்துச்சு. கொழந்த தூங்கற வரிக்கும் நான் ரயில வுட்டுகினே இருந்தேன். கை வீங்கிப் போச்சு.”

“இத ஏன்ணே புத்தகத்துல எழுதல?”

“அதான் எல்லாருக்கும் தெரியுமே!”

அண்ணன் ரிசீவரை வைத்தார். “எல்லாருக்கும் தெரியுமாம்ல,” என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டி அந்தத் தாளைக் கேட்டார். வாங்கி, நின்றபடியே வரிசையை மாற்றி எழுதினார். வசந்தாவுக்கு மூன்று தனிப்பாட்டு. கடைசிக்கு முந்தின இடத்தில் ரயில் பாட்டு.

“ரயில் பாட்ட அப்பிடியே கடைசியில போட்டிரலாமேண்ணே?” என்று கேட்டேன்.

“கடைசிப் பாட்டுக்கு ஜனம் செருப்பத் தேட ஆரம்பிச்சிரும் தங்கச்சி. கடைசிக்கு முந்தினதுதான் எடம்,” என்றார். ரசிகர் என்றால் அவர்தான்.

மறுநாள் காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சீனப் பெண்மணி தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ரயில் பாட்டில் விரலை வைத்து, “எந்த ரயில்?” என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “காதல் ரயில்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், முத்திரையை வைத்தார். வெளியே வந்து நின்று, ஏன் அப்படிச் சொன்னேன், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று பேருந்து வரும்வரை யோசித்தேன்.

6

விழா ஒரு ஞாயிறு மதியம், எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில். நாற்காலிகள் நிறைந்து பின்னால் நின்றார்கள். மணியண்ணனைப் பேசச் சொன்னால், “எல்லாத்தையும் புக்குல எழ்திட்டேன், படிச்சிக்கோங்க” என்று உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து வாங்க வந்தவர்களிடம் குணசேகரன் அண்ணனே அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். மணியண்ணன் ‘நிறுத்திக்கோ’வை அடித்து, மேலே ‘இஸ்துக்கோ’ என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இது என்ன ராகம் என்று கேட்டார்.

வசந்தாவை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். கண்ணாடி போட்டிருந்தார். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் நடுங்கியது. அய்யோ, தவறு செய்துவிட்டேனோ, கோரஸே போதுமென்று விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் குரல் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை. சரோஜா அக்கா என் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், வலித்தது.

ரயில் பாட்டு தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் என் மகள் வீரிட்டாள். தட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. நான் சண்டை போட்டு வாங்கிய பாட்டு. மூன்று மாதமாகக் காத்திருந்த பாட்டு. எழுந்தேன். பக்கக் கதவு வழியாக மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போய், மடித்து வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒன்றை விரித்து உட்கார்ந்தேன். அங்கே பாட்டு சரியாகக் கேட்கவில்லை. பாங்கோஸ் மட்டும் சுவர் அதிரக் கேட்டது. பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு கச்சேரி இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. குழந்தை குடித்தது. எனக்கு வருத்தமாக இல்லை. பாட்டு வரிசையில் இருந்தது, பாடப்பட்டது. அதற்கு நான் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கைதட்டல் கேட்டது. கதவு திறந்தது. வசந்தா, தண்ணீர் குடிக்க வந்திருந்தார். நான் தலைப்பைச் சரி செய்யப் போனேன்.

“அட, இருக்கட்டும்மா. பசிக்கு அழ்ததா? எத்தினி மாசம்?”

“எட்டு மாசங்க.”

“எங்க பெரிசு பன்னண்டு வயசு ஆவுது. பாட்டுன்னாலே காத மூடிக்குது,” என்று சிரித்தார். அவருக்கு வரிசைத் தகராறு எதுவும் தெரியாது. அவருடைய பாட்டுக்காக ஒரு வாரம் நான் தூங்காமல் இருந்ததும் தெரியாது. சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்று விட்டேன்.

வெளியே ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், பொன்னாடை போர்த்த. கதவைத் தள்ளிக்கொண்டு குணசேகரன் அண்ணன் பாதி உள்ளே வந்துவிட்டார். வசந்தா ஒரே எட்டில் போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா அவசரம்? உள்ள பச்சக் கொழந்த பால் குட்க்குது. போ அந்தாண்ட.”

“அக்கா, மேடையில எல்லாரும் உங்களுக்காக...”

“இருக்கட்டும். அது குட்ச்சி முட்ச்சதும் வரேன்னு சொல்லு.”

அண்ணன் திரும்பி, யாரும் வராதபடி கதவை வெளியிலிருந்து தானே பிடித்துக்கொண்டார்.